கொழிஞ்சாம்பாறையின் காய்ச்சிய விளக்கெண்ணெயும் புரூக்ளினில் வளர்ந்த என் மருமகளும்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் செல்லும் சாலையில், கேரள-தமிழக எல்லைச் சோதனைச்சாவடிக்குச் சற்று முன்னால் பிரியும் மண் தடத்தில் ஓர் ஓட்டு வீடு இருக்கிறது. கொட்டமுத்தை, அதாவது ஆமணக்கு விதையை, வறுத்து, உரலில் இடித்து, அடுப்பில் காய்ச்சி எடுத்த விளக்கெண்ணெயை அங்கே விற்கிறார்கள். பெயர்ப்பலகை எதுவும் இல்லை; எண்ணெய்க்கார அம்மா வீடு என்று தமிழில் கேட்டாலும் மலையாளத்தில் கேட்டாலும் ஊரார் வழி காட்டுவார்கள். நான் 11 ஆண்டுகளாக அங்கேதான் வாங்குகிறேன். விளக்குக்கும், கைக்குழந்தைகளின் வயிற்றில் தடவுவதற்கும், கோடையில் உள்ளங்காலில் தேய்ப்பதற்கும் என்று வாங்கிவந்த அந்த எண்ணெயின் முழு அருமையை நான் அறிந்தது இந்தத் தை மாதத்தில்தான். நியூயார்க்கிலிருந்து என் மகனுடன் வந்திருந்த மருமகள் அதன் மூடியைத் திறந்து முகர்ந்த நாள் அது. ஜமைக்காவிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பிறந்து வளர்ந்தவள் அவள். ஆகவே எண்ணெயைப் பற்றிச் சொல்லும்போது அவளுடைய தலைமுடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவளுடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

விளக்கெண்ணெய் என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு பொருள்கள் விற்கின்றன என்பதை முதலில் தெளிவுபடுத்திவிட வேண்டும். மருந்துக் கடையில் கிடைப்பது, முத்தை வறுக்காமல் இயந்திரத்தில் பிழிந்து சுத்திகரித்த எண்ணெய். வெளிர் மஞ்சளாக, தெளிவாக, அதிக வாசனை இல்லாமல் இருக்கும். உலகில் ஆமணக்கு மிக அதிகமாக விளையும் நாடு இந்தியா, அதிலும் பெரும்பங்கு குஜராத்தில் விளைகிறது என்பதால், கடைப் புட்டிகளில் பெரும்பாலானவற்றின் மூலம் அந்த மண்ணாகத்தான் இருக்கும். எண்ணெய்க்கார அம்மா பயன்படுத்தும் முத்து இந்தச் சுற்றுவட்டாரத்துக் கடலைக் காடுகளின் ஓரங்களில் நிற்கும் செடிகளிலிருந்து வருகிறது. கடலைச் செடியைத் தின்ன வரும் புழு ஆமணக்கு இலையை அதிகம் விரும்பும் என்பதால், காட்டைச் சுற்றி நான்கு வரிசை ஆமணக்கு ஊன்றுவது எங்கள் பக்கத்து உழவர்களின் வழக்கம். வெயிலில் வெடித்த முத்தை அவர் இரும்புச் சட்டியில் தோல் கருகும் வரை வறுக்கிறார். உரலில் இட்டுக் களிபோல் ஆகும் வரை உலக்கையால் இடிக்கிறார். பிறகு தண்ணீர் சேர்த்து அகன்ற பாத்திரத்தில் அரை நாள் கொதிக்க வைக்கிறார். மேலே மிதந்து வரும் எண்ணெயை அகப்பையால் மொண்டு வேறொரு பாத்திரத்தில் ஊற்றி, ஈரம் சடசடத்து அடங்கும் வரை மீண்டும் காய்ச்சுகிறார். 3 கிலோவுக்கு மேல் முத்து போட்டால்தான் 1 லிட்டர் எண்ணெய் தேறும் என்கிறார். இப்படிக் கிடைக்கும் எண்ணெய் கடுங்காப்பி நிறத்தில் இருக்கும். வறுத்த கடலைத் தோலும் விறகுப் புகையும் சேர்ந்த வாசனை அதற்கு உண்டு.

ஆமணக்கு முத்தில் ரிசின் என்ற கொடிய நஞ்சு இருப்பதை அறிந்தவர்கள் இந்த இடத்தில் தயங்கக்கூடும். அந்த நஞ்சு எண்ணெயில் கரையாது, பிண்ணாக்கில் தங்கிவிடும், நன்கு கொதித்தால் செயலிழந்தும் போகும். அப்படியும் எண்ணெய்க்கார அம்மா பிண்ணாக்கை மாட்டுக்கு வைப்பதில்லை, தென்னை மரத்தடியில் புதைத்துவிடுகிறார். முத்துகளைக் குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் கட்டித் தொங்கவிட்டிருப்பதையும் பார்த்தேன். பொருளின் தரத்தை இத்தகைய கவனங்களிலிருந்தே நான் கணிக்கிறேன்.

மருமகள் வந்து இறங்கிய வாரத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மிகக் கடுமையாக வீசிக்கொண்டிருந்தது. மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து வரும் அந்த வறண்ட காற்றில் எங்கள் உதடுகளே வெடிக்கும். சுருள்முடியின் துன்பம் எனக்கு அதுவரை தெரியாது. தலைத்தோலில் இயல்பாகச் சுரக்கும் நெய்ப்பு, நேரான முடியில் வழிந்து நுனிவரை இறங்கிவிடும். இறுக்கமான சுருள்களில் அது இறங்க வழியில்லை. அதனால் அப்படிப்பட்ட முடி எளிதில் உலர்ந்து ஒடிந்துவிடும். அவள் கொண்டுவந்திருந்த களிம்புகள் 4 நாளில் தீர்ந்துபோயின. தலையணை உறையில் ஒடிந்த முடித்துண்டுகளைக் கண்டு, குற்றம் செய்தவளைப் போல அவற்றை அவள் விரலால் கூட்டி எடுத்தபோது எனக்கு மனம் பொறுக்கவில்லை. பூசையறையிலிருந்த புட்டியை எடுத்துக் கொடுத்தேன். அவள் முகர்ந்து பார்த்தாள். பிறகு, “அத்தை, இது என் பாட்டி வீட்டு அடுப்படி வாசனை” என்றாள்.

அவளுடைய பாட்டியின் ஊர் ஜமைக்காவின் தென்மேற்கில் உள்ள செயின்ட் எலிசபெத் மாவட்டம். மழை குறைந்த, செம்மண் பூமி. வயலில் ஈரம் காயாமலிருக்க உழவர்கள் கினிப்புல்லை அறுத்துப் பரப்புவார்களாம். 9 வயதில் ஒரு கோடை விடுமுறை முழுவதும் அவள் அங்கே இருந்திருக்கிறாள். பாட்டி ஆமணக்கு முத்தை வறுத்து, மர உரலில் இடித்து, தகரப் பாத்திரத்தில் கொதிக்க வைத்து எண்ணெய் எடுப்பதைப் பக்கத்தில் அமர்ந்து பார்த்திருக்கிறாள். அந்த எண்ணெயைக் கறுப்பு ஆமணக்கெண்ணெய் என்று அங்கே சொல்கிறார்கள். இப்போது அமெரிக்கக் கடைகளிலும் ஜமைக்காவின் பெயரோடு விற்கிறது. ஆமணக்கின் தாயகம் ஆப்பிரிக்காவின் வடகிழக்குப் பகுதி என்பார்கள். கரும்புத் தோட்டங்களுக்காகக் கப்பலேற்றப்பட்ட ஆப்பிரிக்க மக்களோடு அந்தப் பயிரும் அதைக் காய்ச்சும் அறிவும் கரீபியன் தீவுகளில் வேரூன்றின. எங்கள் கடலைக் காட்டோரத்துச் செடியும் அவள் பாட்டியின் கொல்லைச் செடியும் ஒரே இனம் என்பதை அவளும் நானும் ஒரே நாளில் அறிந்துகொண்டோம்.

மறுநாளே அவளை எண்ணெய்க்கார அம்மாவிடம் அழைத்துப் போனேன். அன்று வறுவல் நடந்துகொண்டிருந்தது. அவள் அடுப்பை விட்டு நகரவே இல்லை. “சாமி, புகைக்கு நேரா நிக்காதே, கண்ணு எரியும்” என்று அவர் சொன்னதை நான் மொழிபெயர்த்துச் சொல்லியும் நின்றுகொண்டே இருந்தாள். பிறகு உலக்கையை வாங்கி, சீரான தாளத்தில் இடிக்கத் தொடங்கினாள். எண்ணெய்க்கார அம்மா அந்தக் கைகளைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, “பழக்கப்பட்ட கை” என்றார்.

ஜமைக்கா என்றதும் எங்கள் உறவினர் எல்லோரும் கமலா ஹாரிஸைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். அவருடைய தாய் தமிழ்ப் பெண், தந்தை ஜமைக்காவில் பிறந்தவர் என்பது உண்மை. ஆனால் அவர் கலிபோர்னியாவிலும் கனடாவிலும் பெரிதும் தாயிடம் வளர்ந்தவர். என் மருமகளின் வளர்ப்பு வேறு வகையானது. அமெரிக்கா 1965இல் தன் குடியேற்றச் சட்டத்தை மாற்றிய பிறகு, கரீபியன் தீவுகளிலிருந்து செவிலியராகவும் வீட்டு வேலைக்காரராகவும் முதியோரைக் கவனிப்பவராகவும் ஏராளமான பெண்கள் நியூயார்க்குக்கு வந்தார்கள். பலர் குழந்தைகளைத் தம் தாயிடம் விட்டுவிட்டுத் தனியே வந்தவர்கள். என் சம்பந்தியம்மாவும் மூத்த மகனை செயின்ட் எலிசபெத்தில் விட்டுவிட்டு வந்து 6 ஆண்டுகள் கழித்தே அவனை அழைத்துக்கொண்டார். அந்த 6 ஆண்டுகளிலும் ஆண்டுக்கு இரு முறை பெரிய பீப்பாய் ஒன்றில் அரிசி, சோப்பு, பள்ளிக் காலணி, டின் மீன் என்று அடைத்துக் கப்பலில் அனுப்பியிருக்கிறார். அப்படி வளர்ந்த பிள்ளைகளுக்குத் தீவுகளில் பீப்பாய்ப் பிள்ளைகள் என்றே பெயர். வளைகுடாவிலிருந்து வந்த அட்டைப்பெட்டிகளைக் கயிறு அறுத்துத் திறந்த பிள்ளைகள் எங்கள் தெருவிலும் வீட்டுக்கு வீடு உண்டு. இதை அவளுக்குச் சொன்னபோது, அந்தப் பிள்ளைகள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று ஒவ்வொருவராக விசாரித்தாள்.

முன்னோடி ஒருவரை அவள் மிகுந்த பெருமையோடு சொன்னாள். 1924இல் புரூக்ளினில் பிறந்த ஷெர்லி சிஸ்ஹோமின் தந்தை பிரிட்டிஷ் கயானாவிலும் தாய் பார்படோஸிலும் வேரூன்றியவர்கள். சிறுமியாக இருந்தபோது அவரையும் பார்படோஸில் உள்ள பாட்டி வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். சில ஆண்டுகள் அங்கேதான் படித்தார். 1968இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினப் பெண்ணானார். 1972இல் அதிபர் வேட்பாளராகும் போட்டியிலும் இறங்கினார். தன் வீட்டு வரவேற்பறையில் ஏசுநாதர் படத்துக்குப் பக்கத்தில் அவருடைய படம்தான் மாட்டியிருந்தது என்றாள்.

பீப்பாய் தீவுக்குப் போனது. எண்ணெய் தீவிலிருந்து வந்தது. ஊருக்குப் போய்த் திரும்பும் ஒவ்வோர் உறவினரின் பெட்டியிலும், பழைய ரம் புட்டியில் அடைத்து, துணியில் சுற்றிய பாட்டியின் எண்ணெய் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில், ஃபிளாட்புஷ் அவென்யூவை ஒட்டிய மூன்றாம் மாடி வீட்டில், தாய் நாற்காலியில் அமர, மகள் தரையில் அவர் முழங்கால்களுக்கிடையே அமர, 2 மணி நேரம் தலை பின்னும் வேலை நடக்கும். கீழே சாலையில், ஒரு டாலர் வேன்கள் என்று பெயர்பெற்ற தனியார் வாடகை வேன்கள் ஆள் கூப்பிட்டு ஒலியெழுப்பும். எண்ணெயைச் சூடான தண்ணீரில் வைத்து இளக்கி, வகிடு வகிடாகப் பிரித்து, விரல்நுனியால் தலைத்தோலில் தொட்டு வைப்பார் தாய். தலையை ஒட்டி வரிவரியாகப் பின்னும் அந்தப் பின்னலுக்குத் தீவில் கேன்ரோ என்று பெயர், அதாவது கரும்பு வரிசை. நியூயார்க்கில் அதையே கார்ன்ரோ, சோள வரிசை, என்கிறார்கள். பள்ளியில் கற்ற சொல்லை அவள் வீட்டில் சொன்னால், உன் முப்பாட்டிகள் சோளக்காட்டில் நிற்கவில்லை, கரும்புக்காட்டில் நின்றார்கள் என்று தாய் திருத்துவாராம். சீப்பின் முனையால் வகிடு எடுத்துக்கொண்டே சொல்லிக்கொடுத்ததைப் பள்ளிக்கூடத்து வரலாற்றுப் பாடம் சொல்லிக்கொடுக்கவில்லை என்று அவள் சொன்னதை நான் அப்படியே நம்புகிறேன்.

செப்டம்பர் மாத முதல் திங்கட்கிழமையில் ஈஸ்டர்ன் பார்க்வேயில் நடக்கும் கரீபியன் ஊர்வலத்தன்று அவள் ஜமைக்காக் கொடியைத் தலையில் கட்டிக்கொள்வாள். கோடையில் செயின்ட் எலிசபெத்துக்குப் போனால் அங்குள்ள பிள்ளைகள் அவளை யாங்கி, அதாவது அமெரிக்கக்காரி, என்று அழைப்பார்கள். அதைக் கேட்டபோது எனக்குப் புதிதாக இல்லை. சித்தூர் தாலுகாவில் தலைமுறைகளாக வாழும் எங்களைப் பாலக்காட்டில் பாண்டிக்காரர்கள் என்கிறார்கள், பொள்ளாச்சியில் மலையாளத்துக்காரர்கள் என்கிறார்கள். நான் தமிழ்வழிப் பள்ளியில் 31 ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவள். வீட்டில் ஒரு மொழியும் வெளியில் ஒரு மொழியுமாக வளரும் பிள்ளைகளின் நாக்கு எந்த இடத்தில் தயங்கும் என்பது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. தாயிடம் பேசும்போது ஜமைக்காவின் பேச்சுமொழியான பாட்வா, ஆசிரியரிடம் பேசும்போது வேறோர் ஆங்கிலம், தெருத் தோழியரிடம் மூன்றாவது ஒன்று.

12 வயதில், வகுப்பில் ஓர் ஆசிரியை அவள் தலையிலிருந்து ஏதோ கருகிய வாடை வருகிறது என்று எல்லோர் முன்னிலும் சொல்லியிருக்கிறார். அன்றிரவு, இனி எண்ணெய் வேண்டாம் என்று தாயிடம் சொல்லிவிட்டாள். 14 வயதில் முடியை நேராக்கும் ரிலாக்ஸர் களிம்பைப் போட்டுக்கொண்டாள். வலிமையான காரப்பொருள் கலந்த அந்தக் களிம்பு இரண்டு இடங்களில் தலைத்தோலைப் புண்ணாக்கியது. தழும்புகளை என் விரலைப் பிடித்துத் தொட்டுக் காட்டினாள். 22 வயதில் முடியை முழுக்க வெட்டிவிட்டு, தன் இயல்பான சுருளை மீண்டும் வளர்த்தாள். ஒருவருடைய முடியின் இயல்பையோ பின்னலையோ காரணம் காட்டிப் பள்ளியிலும் பணியிடத்திலும் பாகுபாடு செய்வது நியூயார்க் மாநிலத்தில் 2019இல்தான் சட்டப்படி தடைசெய்யப்பட்டது. அதற்கிடையில் பாட்டி இறந்துவிட்டார். மீண்டும் எண்ணெய் வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியபோது காய்ச்சுவதற்கு ஆள் இல்லை. கடையில் வாங்கிய புட்டிகளில் நிறம் இருந்தது, அந்த வாசனை இல்லை என்றாள்.

நானும் கோவையில் கல்லூரி படித்த காலத்தில், எண்ணெய் வடியும் தலை என்று விடுதித் தோழியர் பேசியதற்காக 3 ஆண்டுகள் தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை. அம்மா ஒவ்வொரு விடுமுறையிலும் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது இப்போது நினைவுக்கு வந்து உறுத்துகிறது.

இனி, பயன்படுத்திய அனுபவம். எண்ணெய் மிகவும் கெட்டியானது. அதை மட்டும் தனியே தலை முழுக்க வழிக்கக் கூடாது, முடி திரிதிரியாக ஒட்டிச் சிக்குப் பிடிக்கும். 1 பங்கு விளக்கெண்ணெய்க்கு 2 பங்கு தேங்காயெண்ணெய் சேர்த்து, தலை குளித்துத் துவட்டிய ஈரத்தில், வகிடுகளில் மட்டும் விரலால் தொட்டு வைத்தோம். நுனிகளில் தனியாகத் தடவினோம். முதல் முறை திண்ணையில் அமர்ந்து நான் வகிடெடுக்க 3 மணி நேரம் ஆயிற்று. கரும்பு வரிசை எனக்கு நேராக வரவில்லை, கைபேசியில் அவளுடைய தாய் பார்த்து ஒவ்வொரு வரிசையாகத் திருத்தினார். அந்தப் பின்னல் 8 நாள் கலையாமல் நின்றது. கணவாய்க் காற்று குறையவில்லை, ஆனால் தலையணையில் முடித்துண்டுகள் விழுவது நின்றது. என்னுடைய மெல்லிய, நேரான நரைமுடிக்கு இதே கலவை கனமாக இருந்தது; இரண்டு முறை அரப்புப் போட்டு அலச வேண்டியிருந்தது. என்னைப் போன்றவர்கள் ஒரு கரண்டித் தேங்காயெண்ணெயில் சில துளிகள் மட்டும் சேர்த்தால் போதும்.

எண்ணெய்க்கார அம்மா வழுக்கையிலும் முடி முளைக்கும் என்று சொல்லி விற்கிறார். அதற்கு உறுதியான சான்று இல்லை; எண்ணெய் ஈரத்தைப் பிடித்து வைக்கும், முடி ஒடிவதைக் குறைக்கும், அதுவே போதிய நன்மை. பேதிக்குக் கொடுப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் முன் ஜமைக்காப் பிள்ளைகளுக்கு ஆமணக்கெண்ணெய் கொடுத்து வயிற்றைக் கழுவுவார்கள். கூடவே செரசி என்ற கசப்புக் கசாயமும் உண்டு. செரசி என்பது நம் பாகல் கொடியேதான். இரண்டையும் எங்கள் வீட்டிலும் கொடுத்து வளர்த்தோம். ஆனால் இந்த வீட்டு எண்ணெயை உள்ளுக்குக் கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கருவுற்ற பெண்கள் ஒருபோதும் குடிக்கக் கூடாது. தேவைப்படுபவர்கள் மருத்துவரைக் கேட்டு, மருந்துக் கடைப் புட்டியையே வாங்க வேண்டும்.

குறைகளும் உண்டு. மெல்லிய பிளாஸ்டிக் புட்டியில் அடைக்கிறார்கள், மூடி கசிகிறது. காய்ச்சிய தேதி எழுதுவதில்லை. சென்ற ஆடி மாதம் வாங்கிய எண்ணெயில் ஈரம் போகவில்லை. ஒரு மாதத்தில் சிக்குவாடை வந்துவிட்டது. திருப்பிக் கொண்டுபோனதும் எதுவும் கேட்காமல் மாற்றிக் கொடுத்தார், இருந்தாலும் பொள்ளாச்சியிலிருந்தோ கோவையிலிருந்தோ வருகிறவருக்கு அது பெரிய அலைச்சல். ஒரு முறை காய்ச்சியதற்கும் அடுத்ததற்கும் நிறம் மாறுபடும். வாங்கும்போது ஒரு துளியைத் திரியில் நனைத்துக் கொளுத்திப் பாருங்கள். சடசடத்தால் ஈரம் இருக்கிறது என்று பொருள். 200 மில்லி 160 ரூபாய், 1 லிட்டர் 750 ரூபாய். மருந்துக் கடை எண்ணெயைவிட இது கூடுதல்தான், அரை நாள் அடுப்புப் புகைக்கு இது அதிகமில்லை என்பது என் கருத்து. கூரியரில் அனுப்புவதில்லை. கண்ணாடிப் புட்டியை நாமே எடுத்துப் போவது நல்லது. விமானத்தில் கொண்டுசெல்பவர்கள் கைப்பையில் வைக்காமல், இறுக மூடிப் பெரிய பெட்டியில் வைக்க வேண்டும்.

மருமகள் 1 லிட்டர் எடுத்துக்கொண்டு திரும்பினாள். சென்ற ஞாயிற்றுக்கிழமை புரூக்ளினிலிருந்து சம்பந்தியம்மா அழைத்தார். எண்ணெயை முகர்ந்து பார்த்ததாகவும், விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்ததாகவும், நன்றாக இருக்கிறது, ஆனால் தன் தாய் முத்தை இன்னும் கருக விடுவார், அந்தச் சாம்பல்தான் எண்ணெயைக் கறுப்பாக்கும் என்றும் சொன்னார். மறுநாள் காலை நான் போய் எண்ணெய்க்கார அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “அந்தம்மா கைப்பக்குவத்துக்கே ஒரு ஈடு போட்டுப் பார்ப்போங்க” என்று சொல்லி, 3 கிலோ முத்தை எனக்கென்று தனியே அளந்து எடுத்து வைத்தார். வெள்ளிக்கிழமை காய்ச்சுகிறார். அதன் நிறமும் வாசனையும் எப்படி வந்தன என்பதை சம்பந்தியம்மா முகர்ந்து பார்த்துச் சொன்ன பிறகு இங்கே சேர்த்து எழுதுகிறேன்.